முன் பல்லில் இம்பிளான்ட்: கட்டின பல் என்று தெரியாமல் இருக்க (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மேல் முன் பல்லை இழந்தவர்கள் இம்பிளான்ட் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை. கடைவாய்ப் பல்லைப் பற்றி இங்கே பேசவில்லை.

இம்பிளான்ட் என்றால் முழுப் பல்லையும் எலும்புக்குள் திருகி விடுவதா?

மூன்று துண்டுகள். எலும்புக்குள் போவது திருகாணி வடிவிலான டைட்டேனிய வேர். இம்பிளான்ட் என்ற பெயர் உண்மையில் அதற்குத்தான். அதன் மேல் முரசைக் கடந்து வரும் இணைப்புத் துண்டு அபட்மென்ட். வெளியே பல்லாகத் தெரிவது கிரவுன். எலும்பு டைட்டேனியத்தை இறுகப் பிடிக்க மேல் தாடையில் பொதுவாக 3 முதல் 6 மாதம் வேண்டும். இது புதுமையான பரிசோதனை அல்ல. சுவீடனில் பிரானமார்க் 1965 இல் முதல் நோயாளிக்குப் பதித்ததிலிருந்து நடந்து வருகிறது.

கடைவாயில் போட்டபோது ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. முன் பல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை தரம் வரச் சொல்கிறார்கள்?

கடைவாயில் கடித்துச் சாப்பிட முடிந்தால் வேலை முடிந்தது. முன்னுக்கு அப்படியில்லை. பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பார்க்கையில் முரசு விளிம்பு அரை மில்லிமீற்றர் மேலே போனாலே கண் அதைப் பிடித்துவிடும்.

சிக்கலின் வேர் எலும்பில் இருக்கிறது. மேல் முன் பற்களின் உதட்டுப் பக்க எலும்புச் சுவர் பெரும்பாலானோருக்கு 1 மி.மீ. தடிப்புக்கூட இராது. அந்தச் சுவருக்கு இரத்தம் போவதில் பெரும்பங்கு பல் வேரைச் சுற்றியுள்ள நாரிலிருந்து. பல்லைப் பிடுங்கினால் நாரும் போய்விடும், சுவரும் கரைந்துவிடும். இந்தக் கரைதலில் பெரும்பகுதி முதல் 3 மாதத்துக்குள் நடந்து முடிகிறது. உதட்டுக்குக் கீழே அந்த இடம் குழி விழுந்தது போல உள்ளே போய்விடும், முரசும் அதோடு மேலே ஏறிவிடும். அந்தப் பள்ளத்தில் எவ்வளவு விலை கூடிய கிரவுனைக் கொண்டுபோய் வைத்தாலும் பல் நீளமாக, உயிரில்லாமல்தான் நிற்கும்.

ஆகவே வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்தக் கம்பனிக் கிரவுன் என்பதல்ல. என் எலும்பும் முரசும் எப்படி இருக்கின்றன, அவற்றுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பல் முறிந்து வேர் மட்டும் இருக்கிறது. முதலில் கிட்ட உள்ள இடத்தில் பிடுங்கிவிட்டு, பிறகு இம்பிளான்ட்டுக்குப் போகலாமா?

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். முன் பல் இம்பிளான்ட் கெடுவது அதிகம் இந்த இடத்தில்தான். பழுதான வேராக இருந்தாலும் அது வாயில் இருக்கும்வரை எலும்பையும் முரசையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. சீழும் வீக்கமும் இல்லையென்றால், பதிப்பவர் பார்க்கும்வரை அந்த வேர் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிடுங்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. குறட்டால் உதட்டுப் பக்கம் சாய்த்துச் சாய்த்து இழுத்தால் முன் சுவர் முறிந்து வேரோடு வந்துவிடும். மெல்லிய கத்தி போன்ற பெரியோடோம் என்ற கருவியை வேரைச் சுற்றி இறக்கி நாரை அறுத்து, சுற்றித் திருப்பி, நேராக எடுக்க வேண்டும். முரசைக் கீறித் திறக்காமல் எடுப்பது நல்லது. எடுத்த பிறகு நுண்ணிய அளவுகோலால் முன் சுவர் முழுதாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அந்தச் சில நொடிச் சோதனைதான் தீர்மானிக்கும்.

பிடுங்கிய அன்றே பதித்து, அன்றே பல்லும் வைத்து அனுப்புவார்களாமே?

முடியும், எல்லோருக்கும் அல்ல. நான்கு விடயம் ஒத்துவர வேண்டும்: முன் சுவர் முழுதாக இருப்பது, முரசு தடிப்பாக இருப்பது, சீழ் வடிகிற தொற்று இல்லாதது, வேருக்கு அப்பாலும் அண்ணப் பக்கமும் இம்பிளான்ட் இறுகிப் பிடிக்கப் போதிய எலும்பு இருப்பது. இறுக்கும்போது முறுக்குவிசை 35 நியூட்டன் சென்ரிமீற்றர் அளவுக்கு வந்தால் தற்காலிகப் பல்லை அன்றே பொருத்தலாம். வராவிட்டால் மூடிவிட்டு ஆறவிடுவார்கள்.

அன்றே பதிக்கும்போது இம்பிளான்ட் குழியின் நடுவில் இருக்கக் கூடாது. அண்ணப் பக்கச் சுவரோடு சேர்ந்து நிற்க வேண்டும். உதட்டுப் பக்கம் விடுபடும் 2 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளியை எலும்புத்தூள் கொண்டு நிரப்புவார்கள். இதை விட்டுவிட்டு, குழியை நிரப்புகிற மாதிரிப் பருத்த இம்பிளான்ட்டைப் போட்டால் ஆரம்பத்தில் அழகாகத் தெரியும்; வருடங்கள் போக முரசு ஏறி உலோகம் எட்டிப் பார்க்கும். அன்றே வைக்கும் தற்காலிகப் பல் கீழ்ப் பல்லோடு எந்த அசைவிலும் முட்டக் கூடாது. அதைக் கொண்டு கடிக்கவும் கூடாது. அது பார்வைக்கு மட்டும்.

முன் சுவர் போயிருந்தால் பிடுங்கி 4 முதல் 8 வாரம் விட்டு, முரசு மூடிய பிறகு எலும்பு நிரப்புதலோடு சேர்த்துப் பதிப்பது பலருக்கும் பாதுகாப்பான வழி. ஒரே நாளில் முடிய வேண்டும் என்ற ஆசைக்காக இதைத் தாண்ட வேண்டாம்.

பத்து வருடமாகப் பிளேட் பல் போடுகிறேன். இனிச் சரிவராதா?

பெரும்பாலும் சரிவரும், ஆனால் நேரடியாக அல்ல. கணக்கைப் பாருங்கள். சுமார் 4 மி.மீ. குறுக்களவான இம்பிளான்ட், அதற்கு முன்னால் 2 மி.மீ. எலும்பு, பின்னால் 1 மி.மீ. என்றால் 7 மி.மீ. அகலம் வேண்டும். நெடுநாள் பிளேட் போட்டவர்களின் முன் எலும்பு 3 அல்லது 4 மி.மீ. ஆக மெலிந்திருப்பது வழமை. அப்போது முதலில் எலும்பு கட்ட வேண்டும்: தூளை இட்டு மேலே மென்சவ்வு போர்த்தித் தைப்பார்கள், அல்லது கீழ்த் தாடையின் பின்பகுதியிலிருந்து ஒரு சிறு எலும்புத் துண்டை எடுத்துத் திருகி வைப்பார்கள். ஆற 4 முதல் 6 மாதம், சிலவேளை இன்னும் கூட. அதன் பிறகே பதிப்பு.

இதற்கு முப்பரிமாணப் படம் தரும் சிபிசிடி ஸ்கேன் அவசியம். சாதாரண எக்ஸ்ரேயில் உயரம் தெரியும், அகலம் தெரியாது. நடுப் பற்களுக்குப் பின்னால் நரம்பும் இரத்தக் குழாயும் வரும் ஒரு கால்வாய் உண்டு. சிலருக்கு அது பெரிதாக இருந்து இம்பிளான்ட் போக வேண்டிய இடத்தையே பிடித்திருக்கும். அதையும் ஸ்கேனில்தான் காணலாம்.

எலும்புத்தூள் எந்த மிருகத்தினுடையது? சவ்வு?

கேட்க வெட்கப்பட வேண்டாம்; இந்தப் பகுதியில் இது நியாயமான கேள்வி. உலகில் அதிகம் பயன்படும் தூள் மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்தப்படுவது. கரையும் கொலாஜன் சவ்வுகளில் பல பன்றியிலிருந்தும் சில மாட்டிலிருந்தும் வருகின்றன. மனிதர் தானம் செய்த எலும்பும் உண்டு. எந்த மிருகமும் சம்பந்தப்படாத வழிகள் இருக்கின்றன: உங்கள் சொந்த எலும்பு, கல்சியம் பொஸ்பேற் வகைச் செயற்கைத் தூள், உங்கள் இரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பைபிரின் படலம், கரையாத செயற்கைச் சவ்வு. எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. செயற்கைத் தூள்களில் சில சீக்கிரம் கரைந்துவிடும், கரையாத சவ்வை மீண்டும் திறந்து எடுக்க வேண்டும். சத்திரசிகிச்சை அன்று காலையில் சொன்னால் மாற்றுப் பொருள் கையில் இராது. ஸ்கேன் பார்க்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். பெட்டியின் மேல் எதிலிருந்து செய்யப்பட்டது என்று எழுதியிருக்கும்; காட்டச் சொல்லுங்கள். மார்க்க ரீதியான முடிவை உங்கள் உலமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரியான இடத்தில் பதித்திருக்கிறார்கள் என்று எதை வைத்துச் சொல்வது?

சில இலக்கங்களைத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது. பக்கத்துப் பல் வேருக்கும் இம்பிளான்ட்டுக்கும் இடையில் குறைந்தது 1.5 மி.மீ. இரண்டு இம்பிளான்ட் அருகருகே என்றால் அவற்றுக்கிடையில் 3 மி.மீ. ஆழம், வரப்போகும் பல்லின் முரசு விளிம்பிலிருந்து 3 முதல் 4 மி.மீ. உள்ளே. ஆழம் இதைவிடக் குறைந்தால் கிரவுன் முரசிலிருந்து இயல்பாக விரிந்து வர இடம் போதாது. அதிகம் ஆழம் போனால் எலும்பும் முரசும் பின்வாங்கும். உதட்டுப் பக்கம் எலும்பு 2 மி.மீ. நிற்க வேண்டும்.

அளவிலும் பேராசை கூடாது. நடு வெட்டும் பல்லுக்கு 4 மி.மீ. சுற்றில், அதற்கடுத்த சிறிய பல்லுக்கு 3 முதல் 3.5 மி.மீ. பெரிது பலம் என்று நினைத்துப் பருத்ததைப் போட்டால் முன் எலும்பைத் தின்றுவிடும்.

கோணம் சரியா என்று நீங்களே பார்க்க ஓர் அடையாளம் உண்டு. தற்காலிகப் பல்லின் திருகு ஓட்டை எங்கே திறக்கிறது? பல்லின் பின்புறம், நாக்குப் படும் மேட்டில் திறந்தால் நல்லது. வெட்டும் விளிம்பில் அல்லது உதட்டுப் பக்கம் திறந்தால் இம்பிளான்ட் முன்னுக்குச் சாய்ந்திருக்கிறது. கொஞ்சச் சாய்வைக் கோணத் திருகால் சமாளிக்கலாம். முன்னுக்கே தள்ளி நிற்கும் இம்பிளான்ட்டைக் கிரவுன் செய்யும் எந்த லேபாலும் மறைக்க முடியாது.

இந்தத் துல்லியத்துக்காகத்தான் முதலில் வரப்போகும் பல்லின் வடிவத்தை மெழுகிலோ கணினியிலோ செய்து, அதிலிருந்து துளை வழிகாட்டி அச்சிடுகிறார்கள். பல் எங்கே வர வேண்டும் என்பதைப் பார்த்து இம்பிளான்ட்டை வைக்க வேண்டும். எலும்பு இருக்கும் இடத்தில் பதித்துவிட்டுப் பல்லை அதற்குப் பொருத்தப் பார்ப்பது பழைய முறை.

தெரிந்தவருக்குப் பதித்த பல்லின் மேல் முரசு சாம்பல் நிறமாகத் தெரிகிறது. எனக்கும் அப்படி வருமா?

மெல்லிய முரசினூடே உலோகத்தின் சாயல் தெரிவதுதான் அது. முரசு 2 மி.மீ. இலும் மெலிந்தால் டைட்டேனிய அபட்மென்ட் கறுப்படிக்கும்; 3 மி.மீ. தடிப்பிருந்தால் எதை வைத்தாலும் வெளியே தெரியாது. இரண்டு வழிகளைச் சேர்த்துச் செய்வது வழமை. அண்ணத்திலிருந்து மேல்தோலின்றி ஒரு துண்டு இணைப்பிழையத்தை எடுத்து உதட்டுப் பக்க முரசுக்குள் செருகித் தடிப்பாக்குவது ஒன்று. அபட்மென்ட்டின் முரசுப் பகுதியை வெள்ளைச் சிர்கோனியாவில் செய்வது மற்றொன்று. அடியில் இம்பிளான்ட்டோடு பொருந்தும் வளையம் மட்டும் டைட்டேனியமாக இருக்கும், அப்போதுதான் திருகும் இணைப்பும் தேயாது. அண்ணத்தில் எடுத்த இடம் சூடான தேநீரில் எரிந்தது போல ஓரிரு வாரம் நோகும். உண்மையில் பதித்த இடத்தைவிட அதுதான் கூட நோகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தற்காலிகப் பல்லை ஏன் மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்? நேரே நிரந்தரப் பல்லை வைத்தால் என்ன?

இம்பிளான்ட் உருளை வடிவம். ஆறும்வரை அதன் மேல் பூட்டியிருக்கும் மூடியைக் கழற்றினால் முரசில் தெரிவது வட்டமான ஒரு துளை. இயற்கைப் பல்லோ முரசைக் கடக்கும் இடத்தில் முக்கோணச் சாயலுடையது. அந்த வட்டத்தில் நேரே கிரவுனை வைத்தால், நட்டு வைத்த மாதிரி நிற்குமே தவிர முளைத்து வந்த மாதிரி இராது.

முரசைப் பழக்குவது தற்காலிகப் பல்லின் வேலை. முதல் நாள் அதன் கழுத்துப் பகுதியை உட்குழிவாக, ஒல்லியாக வைப்பார்கள். முரசுக்கு இடம் வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, கழுத்தில் ஒளியில் இறுகும் ரெசினைச் சிறிது சேர்த்து, மினுக்கித் திரும்பத் திருகுவார்கள். திருகும்போது முரசு வெள்ளையாக வெளிறும். அந்த வெளிறல் 10, 15 நிமிடத்துக்குள் போய் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அழுத்தம் அதிகம். வைத்தியர் கழற்றிக் குறைக்க வேண்டும். அப்படியே வீட்டுக்கு அனுப்பினால் அந்த இடத்து முரசு செத்துப் பின்வாங்கும்.

உதட்டுப் பக்கம் ரெசின் கூட்டினால் முரசு விளிம்பு மேலே ஏறும், குறைத்தால் கீழே இறங்கி வரும். பக்கவாட்டில் கூட்டினால் இரு பற்களுக்கிடையிலான முரசுக் கூர் நெருக்கப்பட்டு உயரும். குறைந்தது 2, 3 மாதம் இது நடந்த பிறகே முரசு ஓரிடத்தில் நிலைக்கும். இந்தக் கட்டத்தைச் சுருக்குவதுதான் நேரம் மிச்சம் பிடிக்க எல்லோரும் முதலில் கைவைக்கும் இடம். முடிவில் வித்தியாசம் தெரிவதும் இதில்தான்.

அடுத்து அச்சு எடுத்தல். தற்காலிகப் பல்லைக் கழற்றிய சில நிமிடங்களிலேயே பழக்கிய முரசு உள்ளே சரியத் தொடங்கும். அச்செடுக்க இம்பிளான்ட்டில் பூட்டும் வெறும் உருளை அச்சுக் குச்சியைத் திருகி அச்செடுத்தால் லேபுக்குப் போவது சரிந்த முரசின் வடிவம். அதனால் தற்காலிகப் பல்லின் கழுத்தை வாய்க்கு வெளியே பிரதி எடுத்து, அந்த வடிவத்தை அச்சுக் குச்சியைச் சுற்றி ரெசினில் செய்து, அதைத் திருகியே அச்செடுக்க வேண்டும்.

இம்பிளான்ட் ஆறும்வரை ஓட்டைப் பல்லோடு திரிவதா?

தேவையில்லை. பக்கத்துப் பற்களின் பின்னால் ஒட்டும் மேரிலன்ட் பல் மிகச் சிறந்தது. முரசை அழுத்தாது, பேச்சும் மாறாது. பல் பதித்த கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் உறை இரண்டாவது, சாப்பிடும்போது கழற்ற வேண்டும். பிளேட் பல் மலிவு, ஆனால் அதன் அடிப்பகுதி காயத்தில் முட்டாமல் குடைந்திருக்க வேண்டும். கட்டிய எலும்பின் மேல் பிளேட் அழுத்தினால் அத்தனை செலவும் கரைந்துவிடும்.

நிறம் பொருந்துமா? எங்கள் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கிறதே.

உலர் வலயத்தில் கிணற்று நீரில் புளோரைட் கூடிய பகுதிகள் உண்டு. அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிகளும் அதில் சேரும். அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் சுண்ணாம்பு பூசியது போன்ற திட்டும் பழுப்புக் கறையும் இருக்கும். அப்படிப்பட்ட இரு பற்களுக்கு நடுவே வழவழப்பான ஒரே வெள்ளைக் கிரவுனை வைத்தால் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். திட்டையும் கோட்டையும் பீங்கானின் உள் அடுக்குகளில் வரைந்து தரச் சொல்ல வேண்டும். அல்லது முதலில் பக்கத்துப் பற்களின் கறையைக் குறைத்துவிட்டுப் பிறகு கிரவுனைச் செய்யலாம். வரிசை முக்கியம். வெளுப்பித்தல் செய்வதாக இருந்தால் முடிந்து குறைந்தது 2 வாரம் கழித்தே நிறம் எடுக்க வேண்டும். கிரவுன் பிறகு வெளுக்காது.

நிறம் பார்க்கும் முறையிலும் தவறு நடக்கும். வாயைப் பத்து நிமிடம் திறந்து வைத்திருந்தாலே பல் காய்ந்து வெள்ளையாகத் தெரியும். ஆகவே அன்றைய சந்திப்பின் முதல் வேலையே நிறம் பார்ப்பதாக இருக்க வேண்டும், அச்செடுத்த பிறகல்ல. காலை வெயில் ஏறிய பிறகு, யன்னல் பக்க வெளிச்சத்தில், உதட்டுச் சாயம் இல்லாமல். கடும் நிறச் சேலையோ சட்டையோ உடுத்தியிருந்தால் கழுத்தில் சாம்பல் துணி போர்த்துவார்கள். வெற்றிலைக் கறையும், குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிப்பானால் வந்த பழுப்பும் இருந்தால் முதலில் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும்.

லேப் கொழும்பிலோ கண்டியிலோ இருந்தால் பல் வேலை செய்பவர் உங்கள் முகத்தைக் காணவே மாட்டார். ‘ஏ2’ என்று நிறக் குறியீட்டை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பினால் ‘ஏ2’ தான் வரும், உங்கள் பல் வராது. நிறம் ஒப்பிடும் மாதிரித் துண்டைப் பல்லோடு ஒட்டிப் பிடித்து எடுத்த படம், சிரிக்கும் முகப் படம், பல்லின் மேற்பரப்பு வரிகள் தெரியப் பக்கவாட்டில் ஒளி விழுத்தி எடுத்த படம் ஆகியவை அச்சோடு போக வேண்டும். நிறத்தின் பெயரைவிட அதன் வெளிச்ச அளவும், பல்லின் விளிம்புக் கோடுகளும், மேற்பரப்பின் சொரசொரப்பும்தான் கண்ணை ஏமாற்றும். கண்ணாடி மினுக்கம் இடுவதற்கு முன் ஒருமுறை வாயில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் இன்னும் திருத்தலாம்.

திருகிப் பூட்டும் கிரவுனா, சீமெந்தில் ஒட்டும் கிரவுனா?

முடிந்தால் திருகு. முரசுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் துளி சீமெந்து மாதங்கள் கழித்து இரத்தம், சீழ், எலும்பு இழப்பு என்று வரும். திருகுக் கிரவுனைப் பழுது பார்க்கக் கழற்றலாம். தயாரிப்பாளர் சொன்ன விசையில், பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் சென்ரிமீற்றருக்குள், அளவுத் திருகியால் இறுக்கி, ஓட்டைக்குள் டெப்லோன் நாடாவை அடைத்து மேலே நிரப்பியால் மூடுவார்கள். கையால் இறுக்கிவிட்டால் சில மாதத்தில் ஆடும்.

இரண்டு முன் பற்களும் இல்லை. நடுவில் முரசு நிரம்பாத கறுப்பு முக்கோணம் வராமல் செய்ய முடியுமா?

தனிப் பல்லைவிட இது கடினம். இயற்கைப் பல்லின் பக்கத்தில் முரசுக் கூரைத் தாங்குவது அந்தப் பல்லின் எலும்பு. பற்கள் ஒன்றையொன்று தொடும் புள்ளியிலிருந்து எலும்பு 5 மி.மீ. க்குள் இருந்தால் கூர் ஏறத்தாழ எப்போதும் நிரம்பும், 7 மி.மீ. ஆனால் நிரம்புவது குறைவு. இரண்டு இம்பிளான்ட்டுக்கு நடுவில் கூர் சராசரியாக 3.4 மி.மீ. உயரம்தான் எழும். ஆகவே தொடு புள்ளியை முரசுப் பக்கமாக மேலே ஏற்றி, பற்களைக் கொஞ்சம் சதுரமாகச் செய்வார்கள்.

நடுப் பல்லும் அதற்கடுத்த சிறிய பல்லும் சேர்ந்து போயிருந்தால் இரண்டு இம்பிளான்ட்டை நெருக்கிப் போடுவதைவிட, நடுப் பல்லில் ஒன்றைப் போட்டுச் சிறியதை அதிலிருந்து தொங்கவிடுவது பல தடவை அழகாக வரும். நான்கும் இல்லையென்றால் இரண்டு இம்பிளான்ட்டில் நான்கு பல் பாலம். ‘ஒரு பல்லுக்கு ஒரு இம்பிளான்ட்’ என்று எழுதும் மதிப்பீட்டைக் கண்டால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள். எலும்பு மிகக் குறைந்தவர்களுக்கு இளஞ்சிவப்புப் பீங்கானில் முரசையும் சேர்த்துச் செய்வதுண்டு. சிரிக்கும்போது முரசு தெரியாதவர்களுக்கு அது நன்றாகவே ஒத்துவரும்.

வெற்றிலை, சிகரெட், சீனி வருத்தம்?

சிகரெட்டை முன்னே ஓரிரு வாரமும் பின்னே 8 வாரமும் நிறுத்தாமல் எலும்பு கட்டும் வேலையில் இறங்குவது பணத்தை வாவியில் போடுவது. புகையிலை வைத்த வெற்றிலைக்கும் இதே கதை. பாக்கு நெடுநாள் போட்டவர்களுக்கு கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் திறப்பது குறையும். மூன்று விரல் நேராக நுழையாவிட்டால் அதை முதலில் காட்டுங்கள். மூன்று வாரத்திலும் ஆறாத புண், சிவப்பு அல்லது வெள்ளைத் திட்டு இருந்தால் இம்பிளான்ட்டை மறந்துவிட்டு வாய், முக சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உண்டு.

சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் தடையில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. 7 ஐ ஒட்டி இருப்பது நல்லது. 8 இற்கு மேல் என்றால் பலரும் தள்ளிப்போடுவார்கள். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் வகைக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

மகனுக்கு 14 வயது. சைக்கிளில் விழுந்து முன் பல் போய்விட்டது. உடனே இம்பிளான்ட்?

வேண்டாம். இம்பிளான்ட் எலும்போடு ஒட்டி ஓரிடத்தில் நின்றுவிடும். மற்றப் பற்கள் தாடையோடு வளர்ந்து இறங்கும். சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் மேலே மாட்டிக்கொண்டது போல் குட்டையாகத் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு 18 இற்குப் பிறகு, ஆண் பிள்ளைகளுக்கு 20, 21 என்று காத்திருப்பது வழமை. அதுவரை மேரிலன்ட் பல் போதும்.

நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்திருந்தால் வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். வேரைத் தேய்க்காமல், அழுக்கை மட்டும் பாலில் அலசி, அதே குழியில் வைத்து, துணியைக் கடிக்கவிட்டுக் கொண்டு ஓடுங்கள். வைக்கப் பயமென்றால் பாலில் போட்டு ஒரு மணிநேரத்துக்குள் வைத்தியசாலை. கடதாசியில் சுற்றிக் கொண்டுபோகும் பல் வழியிலேயே செத்துவிடும்.

கட்டாரில் வேலை. ஒரு மாத லீவில் முடியுமா?

முழுவதும் முடியாது, இரண்டு லீவாகப் பிரிக்கலாம். உங்களுக்கு அன்றே பதித்து அன்றே தற்காலிகப் பல் வைக்கும் தகுதி இருந்தால் அதிர்ஷ்டம்: முதல் லீவில் அதைச் செய்துவிட்டால் அடுத்த லீவு வரும்வரை முரசு தானாகப் பழகும், அப்போது 3, 4 வாரத்தில் நிரந்தரப் பல் முடியும். இல்லையென்றால் முதல் லீவில் பிடுங்குதலும் எலும்பும் மட்டும். பயண நாளுக்கு முந்திய நாள் சத்திரசிகிச்சை வைக்க வேண்டாம். தையல் கழற்ற 7 முதல் 14 நாள் வேண்டும்.

போகும்போது ஒரு தாள் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். இம்பிளான்ட்டின் தயாரிப்பாளர், மாதிரி, குறுக்களவு, நீளம், தொகுதி இலக்கம். பெட்டியில் ஒட்டுத்தாளாக வரும், அதையே கேட்டு வாங்கலாம். தயாரிப்புக்குத் தயாரிப்பு திருகின் தலை வேறு. தோஹாவில் பல் ஆடினால் இந்தத் தாள் இல்லாமல் இறுக்கக்கூட ஒருவராலும் முடியாது.

இரண்டு மாதத்தில் கலியாணம்.

நல்ல மேரிலன்ட் பல்லை வைத்துப் படம் பிடியுங்கள். இம்பிளான்ட் கலியாணத்துக்குப் பிறகு.

நோன்பு காலத்தில் செய்யலாமா?

ஸ்கேன், அளவெடுத்தல், தற்காலிகப் பல்லைத் திருத்துதல் ஆகியவற்றுக்குப் பிரச்சினை குறைவு. சத்திரசிகிச்சையை முன்னோ பெருநாளுக்குப் பின்னோ வையுங்கள். 8 மணிக்கொரு தடவை எடுக்கும் நுண்ணுயிர்க் கொல்லியும், கொப்பளித்தலும், நீர் குடித்தலும் பகலில் தடைப்படும்.

மதிப்பீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

பலர் சொல்லும் தொகையில் இம்பிளான்ட்டும் கிரவுனும் மட்டும் இருக்கும். ஸ்கேன், பிடுங்குதல், எலும்புத்தூள், சவ்வு, முரசு ஒட்டு, வழிகாட்டி, தற்காலிகப் பல், அபட்மென்ட், ஆறும்வரை போடும் இடைக்காலப் பல் என்று தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். ‘தற்காலிகப் பல்’ என்ற வரி இல்லாத முன் பல் மதிப்பீட்டைச் சந்தேகப்படுங்கள். செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா என்று பாருங்கள். அவர் முன் பல்லில் செய்தவற்றின் படங்களை, முரசு தெரியச் சிரித்த படங்களை, ஒரு வருடத்துக்குப் பிந்தியவற்றைக் காட்டக் கேளுங்கள். உதட்டை இழுத்துப் பிடித்துப் பொருத்திய அன்றே எடுத்த படம் ஒன்றையும் சொல்லாது.

போட்ட பிறகு எப்படிக் கவனிப்பது, எவ்வளவு காலம் நிற்கும்?

10 வருட முடிவில் 100 இல் 90 இற்கு மேற்பட்டவை எலும்பில் நிற்கின்றன. ஆனால் நிற்பது வேறு, அழகாக இருப்பது வேறு. உங்கள் மற்றப் பற்கள் வயதோடு மஞ்சளாகும், கொஞ்சம் இறங்கும். கிரவுன் அப்படியே இருக்கும். பத்து, பதினைந்து வருடத்தில் கிரவுனை மட்டும் புதிதாக்க வேண்டி வரலாம். பக்கத்துப் பல்லோடு இருந்த தொடுகை விட்டு, உணவு சிக்கத் தொடங்குவதும் நடக்கும். அதைத் திருத்த முடியும்.

இடைப்பல் பிரஷ் அல்லது தடித்த பல் நூல் தினமும் ஒருமுறை. உலோகக் கம்பி வெளியே தெரியாத பிரஷாகப் பாருங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை காட்டி, வருடத்துக்கொரு எக்ஸ்ரே. கரும்பு உரிக்க, எலும்பு உடைக்க, சோடா மூடி திறக்க இந்தப் பல் வேண்டாம். கச்சானும் முறுக்கும் கடைவாயில். இரவில் பல் நெருமுபவர்கள் உறை போட வேண்டும், இல்லையேல் பீங்கான் சிதறும்.

பல் இலேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திருகு தளர்ந்திருக்கும். அதோடு கடிக்காமல் அந்த வாரத்துக்குள் காட்டினால் இறுக்கிவிடலாம். ஆடும் பல்லோடு மாதக்கணக்கில் திரிந்தால் திருகு உள்ளே முறியும், அதை எடுப்பது பெரும்பாடு. நோவில்லாமல் முரசு சிவந்து, அழுத்தினால் இரத்தமோ சீழோ வந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இம்பிளான்ட்டைச் சுற்றி எலும்பு கரைவது வலியில்லாமலே நடக்கும்.